பேக்கப் இருக்கு என்கிறோம், எங்கே இருக்கு?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. "இனி கம்ப்யூட்டர் ஓடாதா?" என்று பல வீடுகளில் பயந்தார்கள். ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நீடிப்புக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். ஆனால் இயங்குதளத்தை மாற்றலாம் என்று கணினியைக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களிடம் அங்கே முதலில் கேட்கப்படுவது இதுதான்: "பேக்கப் எடுத்திட்டீங்களா?"

அடுத்த மாதம், 2025 நவம்பரில், இலங்கையில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்கு முன்னால் ஒரு கணினி பெரிய விஷயமில்லை. ஆனாலும் தண்ணீர் வடிந்து வீடு திரும்பியவர்கள் சேற்றைக் கழுவிய பிறகு தேடுவது, பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க முடியாத பொருட்களைத்தான்: காணி உறுதியின் ஸ்கேன், இறந்துபோன அம்மாவின் படங்கள், மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஆய்வு.

இப்படியான நேரத்தில் "பேக்கப் இருக்கு" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்வார். எங்கே என்று கேட்டால், அவர் காட்டுவது பல வேளைகளில் பேக்கப்பாக இருக்காது. அந்தக் குழப்பத்திலிருந்தே தொடங்குவோம்.

சொல்லின் பொருள்

பேக்கப், தமிழில் காப்புப் பிரதி, என்பது ஒரு கோப்பின் இன்னொரு படி. ஆனால் எல்லாப் படியும் காப்பு ஆகாது. மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. மூலக்கோப்பும் இருக்க வேண்டும், படியும் இருக்க வேண்டும். மொத்தம் ஒன்றே ஒன்று என்றால் அது எங்கே இருந்தாலும் மூலக்கோப்புத்தான்.
2. மூலக்கோப்பை அழிக்கும் காரணம் படியைத் தொடக்கூடாது. ஒரே மின்னல், ஒரே வெள்ளம், ஒரே திருடன், ஒரே தவறான விரல் இரண்டையும் கொண்டுபோகுமானால் இரண்டு படி இருந்தும் பயனில்லை.
3. வேண்டிய நேரத்தில் அதைத் திறக்க முடிய வேண்டும். இதற்கு மீட்டெடுத்தல் என்று பெயர்.

இது கணினியோடு வந்த யோசனை இல்லை. ஏட்டுச்சுவடிக்குக் கறையானும் ஈரமும் எதிரி என்பதால், சிதைவதற்கு முன்னால் இன்னொரு ஏட்டில் பெயர்த்தெழுதி வைத்தார்கள். மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கும் ஏடு ஓர் ஊரோடு நிற்கவில்லை. பல ஊர்க் கோயில்களில் படிகள் இருந்தன. ஓர் ஊரின் ஏடு செல்லரித்தால் மற்ற ஊரில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். மாறாக, 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களில் அச்சு நூல்கள் பலவற்றை மறுபடி தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் அன்றோடு போயின.

பேக்கப் என்று நம்பப்படுபவை

1. "டி"யில் போட்டு வைத்திருக்கிறேன்.

நம் ஊர்க் கணினிகளில் ஒரே வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தருவது வழக்கம். விண்டோஸ் குழம்பினால் கடையில் சியை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவார்கள், டியில் இருந்தவை அப்படியே இருக்கும். இரண்டு மூன்று முறை இப்படித் தப்பிய பிறகு, டி என்பது பத்திரமான இடம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அது விண்டோஸ் பழுதிலிருந்து மட்டும் தப்பும் இடம். சியும் டியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள். வட்டு போனால் இரண்டும் போகும்.

2. வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன்.

கணினியில் இடம் போதவில்லை என்று கல்யாண வீட்டு வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டுக் கணினியில் அழித்துவிடுவது. இப்போது அந்த வீடியோ வெளி டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. மேசையிலிருந்து அது ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தால் கதை முடிந்தது. பேக்கப் டிஸ்க் என்று பெயர் வைத்திருப்பதால் அது பேக்கப் ஆகிவிடாது.

3. அது தானாகக் கிளவுடுக்குப் போகிறது.

கிளவுட் என்பது இணையத்தின் வழியே பயன்படுத்தும் சேமிப்பிடம். இதுதான் இப்போது அதிகம் குழப்புவது. விண்டோஸ் 11 போட்டுக் கணக்கோடு உள்நுழையும்போது டெஸ்க்டாப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகளை மைக்ரோசாப்டின் கிளவுட் சேவையான வன்டிரைவ் (OneDrive) தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். திரையில் "பேக்கப்" என்றே எழுதியிருக்கும். உண்மையில் நடப்பது ஒத்திசைவு: இங்கே செய்யும் மாற்றம் அங்கேயும் நடக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கோப்பு கெட்டால் கெட்ட கோப்பு அங்கே போய் நல்லதன் இடத்தில் உட்காரும். இலவச இடம் 5 ஜிபி; அது நிரம்பியதும் புதிய கோப்புகள் மேலே போகாது. எரிச்சலில் அதை நிறுத்தினால் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்து இன்னொரு பயம் வரும். அப்போது கோப்புகள் வன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒத்திசைவு பயனற்றது என்று சொல்லவில்லை. கணினி திருட்டுப் போனாலோ நீரில் மூழ்கினாலோ அது காப்பாற்றும். அழித்த கோப்புகளைக் கூகுள் டிரைவும் தனிநபர் கணக்கு வன்டிரைவும் 30 நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும். பழைய வடிவங்களையும் ஓரளவு வைத்திருக்கும். ஆனால் தவறை 40 நாள் கழித்துக் கண்டுபிடிக்கிறவருக்கு அது உதவாது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை முதலாம் தவணைக் குறிப்பை அழித்துவிட்டு மூன்றாம் தவணையில் தேடுவது நடக்கக்கூடியதுதானே.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதும் ஒரு பழக்கம். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அசல் தரம் திரும்பி வராது. கோப்பாக அனுப்பினால் சுருங்காது. என்றாலும் போனை நம்பி வைத்த படி என்பதை மறக்கக்கூடாது.

கோப்புகள் எப்படிப் போகின்றன

காரணத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் காப்பு எதற்கு என்று விளங்கும்.

1. வட்டின் ஆயுள்.

பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் தலைமுடியின் தடிப்பைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் வாசிக்கும் தலை மிதக்கிறது. அதிர்வும் சூடும் வயதும் இந்த இடைவெளியைக் கெடுக்கும். சாவதற்கு முன்னால் பல டிஸ்க்குகள் அறிகுறி காட்டும்: கோப்பு திறக்க நேரம் எடுக்கும், சீரான இடைவெளியில் "டிக், டிக்" என்று சத்தம் வரும். சிப்பில் சேமிக்கும் புதிய வகையான எஸ்எஸ்டியில் (SSD) சுழலும் பாகம் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. நேற்று வேலை செய்தது இன்று கணினிக்குக் கண்ணிலேயே படாமல் போகலாம்.

2. மின்சாரம்.

கிழக்கில் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழையோடு இடி மின்னல் கடுமையாக வரும். மின்னல் கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை, தொலைபேசி வயரால் ரௌட்டருக்குள்ளும் அங்கிருந்து கணினிக்குள்ளும் வரும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நொடியின் ஏற்ற இறக்கமும் கெடுதல். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பு பாதியில் சிதையலாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. கரண்ட் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள், ரௌட்டர் வயரையும் சேர்த்து. இதில் கவனிக்க வேண்டியது: எப்போதும் கணினியில் குத்தியபடி இருக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் அதே அடிதான் விழும்.

3. தண்ணீர்.

இதைக் கீழே தனியாகப் பார்க்கிறோம்.

4. மனிதக் கை.

தவறி அழிப்பது, பழைய கோப்பைப் புதியதன் மேல் சேமிப்பது, கடையில் எதையும் சொல்லாமல் ஃபார்மட் செய்யக் கொடுப்பது. தினமும் நடக்கிற, யாரும் செய்திக்குச் சொல்லாத இழப்பு இது.

5. பணயத் தீநிரல்.

ரான்சம்வேர் என்று செய்திகளில் வருவது. கணினிக்குள் புகுந்து உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும். வங்கிகளைத்தான் தாக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் "ஸ்டாப்" என்ற வகை, காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்கும் கிராக் கோப்புகளின் மூலமே பெரிதும் பரவியது. ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருளுக்குக் கிராக் தேடாத ஊர் இல்லை என்பதால் இந்த ஆபத்து நம் தெருவிலேயே இருக்கிறது. கணினியில் குத்தியிருக்கும் வெளி டிஸ்க்கையும் பென் டிரைவையும் அது சேர்த்தே பூட்டும்.

ஐந்தாவதற்கு இலங்கை அரசே ஓர் உதாரணம். 2023 ஓகஸ்டில் அரச கிளவுட் அமைப்பைப் பணயத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பேக்கப் இருந்தது. ஆனால் அதுவும் அதே அமைப்போடு இணைந்திருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது, அந்த மூன்று மாதங்களுக்கும் இணையத்தோடு தொடர்பில்லாத தனிப் படி இருக்கவில்லை. மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனை இங்கேதான் தவறியது.

3, 2, 1 என்ற கணக்கு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய ஒரு விதி உண்டு. நினைவில் வைக்கச் சுலபமானது.

3 படிகள்: கணினியில் இருப்பதோடு இன்னும் இரண்டு.
2 வகைச் சாதனங்கள்: எல்லாம் ஒரே மாதிரி டிஸ்க்கில் இருக்கக்கூடாது.
1 படி வேறிடத்தில்: வீட்டுக்கு வெளியே.

பணயத் தீநிரல் வந்த பிறகு இதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்: ஒரு படியாவது எதிலும் குத்தாமல், எந்த இணைப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் டிஸ்க்கை எந்தத் தீநிரலும் தொடாது.

"வேறிடம்" என்பது நம் ஊரில் எங்கே?

வெளிநாட்டு விளக்கங்கள் "பக்கத்து வீட்டில் வையுங்கள்" என்று சொல்லும். மட்டக்களப்பில் அது போதாது, ஏன் என்று நிலத்தைப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமான வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஒடுங்கிய, தாழ்ந்த மணல் நிலம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அப்படியே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைவரை. மாரியில் வாவி நிரம்பி, தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டும்வரை ஏறினால், அது ஒரு வீட்டைப் பார்த்து ஏறுவதில்லை. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஆறும் குளமும் பெருகினால் பாதையே அறுந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு கரைகளும் ஒன்றாகவே தவித்தன. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி கூரைகளைத் தெருத்தெருவாகப் பிடுங்கியது. 2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது மட்டக்களப்புக் கடற்கரையோர நாவலடியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று அடையாள அட்டையும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போனவர்கள், தாங்கள் யார் என்று காட்டவே மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

ஆகவே வேறிடம் என்றால் வேறு நீர் ஓடும் இடம். கல்முனையிலோ தம்பிலுவிலிலோ கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு அம்பாறை நகரத்துச் சொந்தக்காரர் வீடு நல்ல தெரிவு, கடல் அங்கே வராது. ஏறாவூர்க்காரருக்குக் கொழும்பில் வேலை செய்யும் மகன் வீடு நல்லது. கண்டியும் மேடுதான், ஆனால் டித்வா வாரத்தில் மலைநாட்டிலும் மண் சரிந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இரண்டாவது படியைத் தொலைவில் வைத்தாலும், மிக முக்கியமான சிறு பகுதியைக் கிளவுடிலும் போடச் சொல்கிறோம்.

கடலோர வீடுகளில் இன்னொரு சிறு வேலையும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் இணைப்பு முனைகளை அரிக்கும், பழைய டிவிடிகளில் பூஞ்சணம் பிடிக்கும். மருந்துப் போத்தல், சப்பாத்துப் பெட்டி ஆகியவற்றோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து, டிஸ்க்கை ஸிப் பையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டு வேண்டாம்.

எவற்றை எடுப்பது

முழுக் கணினியையும் படி எடுக்க வேண்டியதில்லை. விண்டோஸையும் மென்பொருளையும் திரும்பப் போடலாம். திரும்பச் செய்யவோ வாங்கவோ முடியாததை மட்டும் பிரியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரண்டு அடுக்காக விழும்.

முதல் அடுக்கு சிறியது, 5 ஜிபிக்குள் அடங்கும்: உறுதி, சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கடிதங்கள் ஆகியவற்றின் ஸ்கேன்கள், பிள்ளைகளின் பாடவேலை, கோயில் அல்லது சங்கக் கணக்குகள், கதை, கவிதை என்று நீங்கள் எழுதியவை. ஸ்கேன் அசல் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பது எத்தனையோ சுலபம்.

இரண்டாம் அடுக்கு பெரியது: படங்களும் வீடியோக்களும். இவை இப்போது கணினியில் இருப்பதைவிடப் போனில்தான் அதிகம். மாதம் ஒருமுறை போனைக் கேபிளால் இணைத்துக் கணினிக்குள் இறக்காவிட்டால் கணினிக்கு எடுக்கும் பேக்கப் பாதிப் பேக்கப்தான்.

அப்புறம் ஒரு விஷயம், வெளிநாட்டு விளக்கங்களில் பொதுவாக வராதது. இலங்கையில் பல ஆண்டுகளாகத் தமிழ் ஆவணங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதுக் கணினியில் பாமினி இல்லையென்றால், பத்திரமாக மீட்ட கோப்பைத் திறந்தாலும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். கெடவில்லை. ஆகவே பாமினி எழுத்துருக் கோப்பையும் அதே டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கியமானவற்றை, தனி எழுத்துரு தேடாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதையும் பழையதையும் சேர்த்தே வைத்திருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை தானாக வரும்: எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்யப் பொறுமை இருக்கிறது?

களுவாஞ்சிக்குடியில் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி, 40 பிள்ளைகளின் ஒன்பது பாடப் புள்ளிகளை எக்செல்லில் ஏற்றுகிறார். 360 எண்கள். இரவு பதினொரு மணிக்கு முடித்துச் சேமிக்கிறார். அடுத்த நாள் கணினி திறக்கவில்லை. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. அவருக்கு வாரம் ஒருமுறை என்ற பேக்கப் போதாது. புள்ளி ஏற்றும் நாட்களில் தினமும் ஒரு பென் டிரைவுக்குப் படி வேண்டும். தவணை விடுமுறையில் அதே ஆசிரியைக்கு மாதம் ஒருமுறை போதும். வேலை மாறும்போது இடைவெளியும் மாறட்டும்.

சாதாரண வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இது.

1. வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கிழமையில், முதலாவது வெளி டிஸ்க்கை இணைத்துப் படி எடுங்கள். முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். குத்தியபடி விட வேண்டாம்.

2. ஒவ்வொரு போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் இரண்டாவது டிஸ்க்குக்குப் படி எடுங்கள். மாதம் தவறாமல் வரும், கலண்டரில் குறித்தே இருக்கும், வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். இந்த டிஸ்க்தான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. கல்யாணம், கோயில் திருவிழா என்று போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

3. நவம்பர் பிறக்கும் முன்னால் இரண்டு டிஸ்க்கும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். முகத்துவாரம் வெட்டும் செய்தி வரும்போது பேக்கப் எடுக்க உட்கார்ந்தால் காலம் கடந்துவிடும். அப்போது கரண்டும் இருக்காது.

கையால் இழுத்துப் போட்டுப் படி எடுப்பதில் தவறில்லை, ஆனால் எது புதிது எது பழையது என்று குழம்பும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி இதற்கே செய்யப்பட்டது. மாறிய கோப்புகளை மட்டும் படி எடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத் தானாகப் பார்க்கும். ஆனால் டியில் நீங்கள் உருவாக்கிய கோப்புறையை அது தானாகப் பார்க்காது, லைப்ரரியில் சேர்த்தால்தான் பார்க்கும். ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவச மென்பொருளிலும் ஒரு கண்ணி உண்டு: "மிரர்" என்ற முறை மூலத்தில் அழிந்ததைப் படியிலும் அழிக்கும். "அப்டேட்" முறையைத் தெரிவு செய்யுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது, அலுமாரியில் மாதக்கணக்கில் கிடக்கப் போவதற்குப் பழைய சுழலும் வகையே எனக்குச் சரியாகப் படுகிறது. எஸ்எஸ்டியும் பென் டிரைவும் மின்னூட்டத்தில் தரவைப் பிடித்து வைப்பவை. நீண்ட காலம் மின்சாரமே காட்டாமல் சூடான இடத்தில் வைத்தால் அது மெல்லக் கசியும்.

கிளவுடுக்கு எவ்வளவு நேரம்

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் டிஸ்க்கே வேண்டாமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜிபி 8,000 மெகாபிட், ஆகவே 100 ஜிபி படங்கள் என்றால் 8,00,000 மெகாபிட். மேலேற்றும் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்றால் 80,000 வினாடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல், ஒரு தடங்கலும் இல்லாமல். பழைய செப்புக் கம்பி இணைப்பில் 1 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் ஒன்பது நாளுக்கு மேல். அதே 100 ஜிபி, வினாடிக்கு 100 மெகாபைட் எழுதும் வெளி டிஸ்க்குக்குப் போக 17 நிமிடம். திரும்ப இறக்கும்போதும் டேட்டா பொதி கரையும்.

இலவச இடமும் சிறியது. கூகுள் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2024இலிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேதான் வருகிறது. அதனால் முதல் அடுக்கை மட்டும் கிளவுடில் போடுவதே இங்கே ஒத்துவரும். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகனின் பழைய கணக்கில் குடும்பப் படங்களை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு ஆண்டு யாரும் உள்நுழையாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம். போயா நாளில் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பூட்டும் சாவியும்

உறுதியும் அடையாள அட்டையும் உள்ள டிஸ்க் வேறொருவர் வீட்டுக்குப் போகிறதென்றால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது முறை. ஆனால் சாவி தொலைந்த பூட்டும் ஓர் இழப்புத்தான்.

இது தெரியாமலே பலருடைய கணினி பூட்டியிருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்நுழைந்ததும் வட்டு தானாகக் குறியாக்கப்படும். ஒரு நாள் மதர்போர்டை மாற்றினால், அல்லது வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது முதலில் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணினியைத் தயார் செய்து தந்தவர் எந்தக் கணக்கைப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே பாருங்கள். சாவியை அச்சிட்டு வீட்டுக் காகிதங்களோடு ஒன்றும், சொந்தக்காரர் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்க வேண்டாம்.

மீட்டுப் பார்த்தல்

மூன்றாவது நிபந்தனையைச் சோதிக்க 15 நிமிடம் போதும். ஆனால் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கை வேறொருவரின் கணினியில் இணையுங்கள். ஒரு பழைய படம், ஒரு வேர்ட் கோப்பு, ஒரு வீடியோ என்று மூன்றை எடுத்துத் திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள், தொடக்கம் மட்டும் நன்றாக இருந்து மிச்சம் கெட்டிருக்கலாம். தமிழ்க் கோப்பு தமிழாகத் தெரிகிறதா? கடவுச்சொல் கேட்டால் வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரியுமா? கடைசியாகப் படி எடுத்த திகதி நீங்கள் நினைத்த திகதிதானா?

பேக்கப் இல்லாமல் அகப்பட்டால்

முழு நம்பிக்கையும் போகவில்லை, ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

தவறி அழித்துவிட்டால்: சுழலும் டிஸ்க்காக இருந்தால் அந்தக் கணினியில் எதையும் புதிதாகச் சேமிக்க வேண்டாம், மீட்பு மென்பொருளைக்கூட அதில் இறக்க வேண்டாம். அழித்த இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை மீட்கலாம். எஸ்எஸ்டியில் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானே விரைவில் துடைத்துவிடும்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால்: உடனே நிறுத்துங்கள். "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறை போடும்போதும் தலை தட்டைக் கீறக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கியிருந்தால்: கரண்ட் கொடுக்கவே வேண்டாம். வெயிலில் காயவைக்க வேண்டாம், அரிசிக்குள் புதைக்க வேண்டாம். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றுக்கென்று ஒரு நுண்ணிய துளை உண்டு. அதன் வழியே சேறும் உப்பும் உள்ளே போயிருந்தால், காயக்காய அவை தட்டில் ஒட்டி இறுகிவிடும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்து பார்க்க யாரையும் விட வேண்டாம். அந்த வேலைக்குத் தூசியில்லாத அறை வேண்டும். சாதாரண மேசையில் ஒருமுறை திறந்த டிஸ்க்கை அடுத்தவர் கையில் வாங்கவே தயங்குவார்.